இருபதுகளின் கணக்கு

1999-ம் ஆண்டின் நடுவில், ராசிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த ஒருவரை நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். ஆணா பெண்ணா என்பதும் இப்போதைக்கு வேண்டாம். 2017-ல் அவருக்கு 18 வயது நிறைகிறது. வாக்காளர் பட்டியலில் பேர் சேர்ந்துவிடுகிறது. ஆனால் அவருடைய ஊராட்சிக்குத் தலைவர் கிடையாது, வார்டு உறுப்பினர்கள் கிடையாது. 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிக்கையை, பழங்குடியினர் இட ஒதுக்கீடு தொடர்பாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4-ம் தேதி ரத்து செய்திருந்தது. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஊராட்சிகளைச் சிறப்பு அலுவலர்களே நடத்தினார்கள். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் ஊரகத் தேர்தல் ஒருவழியாக வந்தபோது நம் ஆளுக்கு 20 வயது. ஓட்டுப் போட்டார். நிற்க முடியவில்லை, உள்ளாட்சியில் போட்டியிட 21 வயது நிறைந்திருக்க வேண்டும். சரி, அடுத்த தேர்தலில் 25 வயதாகியிருக்கும், அப்போது நின்றுகொள்ளலாம் என்று காத்திருந்திருப்பார். 2025 ஜனவரி 5-ம் தேதி அந்த உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை. மறுபடியும் சிறப்பு அலுவலர்கள் வந்தார்கள்.

இளைஞர்கள் அரசியலுக்கு வர வேண்டும் என்று சொல்லாத மேடை நம்மிடம் இல்லை. எந்தக் கட்சி மாநாட்டிலும், எந்தக் கல்லூரி ஆண்டு விழாவிலும் அது ஒலிக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கணக்குதான் என் மனதில் ஓடுகிறது. 50 வயதுக்காரருக்கு மூன்று ஆண்டுத் தாமதம் என்பது தாமதம் மட்டுமே. 21-க்கும் 30-க்கும் நடுவில் நிற்பவருக்கு அது அந்த வயதின் மூன்றில் ஒரு பங்கு. அந்த ஆண்டுகளில்தான் படிப்பு முடிகிறது, வேலை தேடி வெளியூர் போவது நடக்கிறது, கல்யாணம் ஆகிறது, பெண்ணாக இருந்தால் ஊரே மாறிவிடுகிறது. ஊர்ப் பொதுக் காரியத்தில் கை வைக்கும் மனமும் நேரமும் ஒருவருக்கு ஒன்றாக வாய்ப்பது அந்தச் சில ஆண்டுகளில்தான். அந்த நேரம் பார்த்துக் கதவு சாத்தியிருந்தால், திரும்ப அவர் வந்து தட்டுவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. ராசிபுரமும் அடங்கிய பழைய சேலம் மாவட்டத்தின் வடக்கு ஓரம் இப்போது கிருஷ்ணகிரி மாவட்டமாக இருக்கிறது. அங்கே கே.என்.தொட்டி ஊராட்சியில், பி.பி.ஏ. படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பெண் ஒருவர் 2020 ஜனவரியில் ஊராட்சித் தலைவரானார். அவர் ஓராண்டு பிந்திப் பிறந்திருந்தால் அந்தத் தேர்தலும் கைவிட்டுப் போயிருக்கும், அடுத்ததற்காக இன்னும் காத்துக்கொண்டிருப்பார். ஒருவருடைய பொதுவாழ்வு பிறந்த மாதத்தைப் பொறுத்து அமைவது ஜாதகத்தில் நடக்கலாம். ஜனநாயகத்தில் நடக்கக் கூடாது.

சேலத்துக்கு இதில் நீண்ட நினைவு இருக்கிறது. நகராட்சி 1866-ல் அமைந்த ஊர் இது. 1882-ல் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய தம் தீர்மானத்தை வெளியிட்ட அதே ஆண்டில், சி. விஜயராகவாச்சாரியார் சேலம் நகர்மன்ற உறுப்பினராக இருந்தார். வயது 30. ஆசிரியராகச் சேலத்துக்கு வந்து வழக்கறிஞராக ஆனவர். அந்த ஆண்டிலேயே சேலத்தில் இந்து-முஸ்லிம் கலவரம் வெடித்தது. பள்ளிவாசலையும் ஊர்வலப் பாதையையும் சுற்றி எழுந்த தகராறு அது. கலவரத்தைத் தூண்டினார் என்று அரசு இவர்மீது வழக்குப் போட்டது. பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை. மேல்முறையீட்டில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். இந்தக் கதையில் பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கு அடுத்த பகுதிதான் பெரிது. வழக்கைக் காரணம் காட்டி அவருடைய நகர்மன்ற இடத்தைப் பறித்திருந்தார்கள். சிறையிலிருந்து மீண்ட மனிதர் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. லண்டனில் இருந்த, இந்தியாவுக்கான அமைச்சரையே பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்தார். வென்றார், இடமும் திரும்பக் கிடைத்தது, 100 ரூபாய் நஷ்டஈடும் கிடைத்தது. பின்னாளில், 1920-ல், நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர். தேசத்தின் பெரிய மேடைக்கு வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, ஒரு நகர்மன்ற நாற்காலி சாம்ராஜ்யத்தை எதிர்த்து வழக்காடத் தகுந்தது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அவருக்குப் பின்னால் அதே மன்றத்துக்கு 1911-ல் ராஜாஜி உறுப்பினராக வந்தார். 1917-ல் தலைவரானார், அப்போது 40 வயது ஆகவில்லை. சேலம் நகராட்சிக்கு முதல் பட்டியல் சாதி உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டதில் அவருக்குப் பங்கு இருந்தது. ராசிபுரத்தில் பிறந்த பெ. வரதராஜுலு நாயுடு பொதுவாழ்வுக்கு வந்தபோது வயது 19. 1944 ஆகஸ்டில் சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாட்டில், ஆங்கில அரசு தந்த பட்டங்களையும் நியமனப் பதவிகளையும் கட்சிக்காரர்கள் விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்த அண்ணாதுரைக்கு 35 வயது நிறையவில்லை. ஜமீன்தார்களும் சர் பட்டக்காரர்களும் நிறைந்த கட்சி அந்தக் கூட்டத்தில்தான் திராவிடர் கழகமாக மாறியது. நியமனம் வேண்டாம் என்று இளைஞர்கள் சொன்ன ஊர் சேலம். அந்த ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களை இன்று நியமிக்கப்பட்ட அலுவலர்கள் ஆள்கிறார்கள் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மறுக்கிறேன்.

இவர்களில் பலர் படித்த, வசதியுள்ள, மேல்சாதி ஆண்கள் என்பது உண்மை. வரி கட்டுகிறவர்கள் மட்டுமே ஓட்டுப் போட்ட காலம் அது. 1993-ல் நடைமுறைக்கு வந்த, ஊராட்சிகள் பற்றிய 73-வது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வந்த வாசல் வேறு. இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடங்கள் உண்டு. கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் இல்லை. விஜயராகவாச்சாரியார் வழக்காடிப் பெற்ற நாற்காலியைவிட எவ்வளவோ அகலமான நாற்காலி இது. அகலமான பிறகும் அது அடிக்கடி காலியாகக் கிடக்கிறது.

வாசல் சாத்திக் கிடக்கும்போது இளைஞர்கள் அரசியலை விட்டுப் போய்விடுவதில்லை. இந்தச் சேலம்-நாமக்கல் சமவெளியில் வாழ்கிற எவருக்கும் இது தெரியும். வேறு வாசல்கள் இருக்கின்றன, அவை எல்லா நாளும் திறந்திருக்கின்றன. ஒன்று கட்சிக் கிளை. எடப்பாடி கே. பழனிசாமி 1974-ல், 20 வயதில், சிலுவம்பாளையத்தில் கிளைச் செயலாளராகத் தொடங்கியவர். 43 ஆண்டு கழித்து முதலமைச்சரானார். கிளைச் செயலாளர் என்பது மதிக்கத்தக்க பயிற்சி. கொடி கட்டுவது, ஆள் சேர்ப்பது, சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் போவது, மனு எழுதிக் கொடுப்பது எல்லாம் அதில் கைவரும். ஆனால் கிளைச் செயலாளர் பதில் சொல்ல வேண்டியது மேலே உள்ள ஒன்றியச் செயலாளருக்கு. ஓட்டுப் போட்ட தெருவுக்கு இல்லை. ரசிகர் மன்றம் இன்னொரு வாசல். திருவிழாக் கமிட்டி மற்றொன்று. இவற்றைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை.

சொல்ல வேண்டியது சாதி அமைப்பைப் பற்றி. அதற்கு 21 வயது வேண்டாம், தேர்தல் அறிவிக்கை வேண்டாம், நீதிமன்றத் தடை குறுக்கே வராது. பள்ளி முடிக்காத பையனுக்கும் ஒரு துண்டு, ஒரு பொறுப்பு, காரில் ஒரு இடம், வாட்ஸ்அப்பில் ஒரு குழு கிடைத்துவிடும். ஊரில் யாரும் தன்னைக் கூப்பிட்டு ஒரு காரியம் ஒப்படைக்கவில்லை என்று ஏங்கியிருந்தவனை முதல் முறையாக ஒருவர் ‘வாங்க தம்பி’ என்று கூப்பிடுகிறார். அந்த மரியாதையின் பசி சிறுமையானதல்ல. 20 வயதில் எல்லோருக்கும் இருக்கும் பசிதான் அது. அதற்கு என்ன போடுகிறோம் என்பதுதான் கேள்வி.

2015-ம் ஆண்டில் திருச்செங்கோட்டைச் சுற்றி நடந்தவற்றை நாம் மறந்துவிட முடியாது. அந்த ஜனவரியில் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை எதிர்த்து ஊர் கடையடைத்தது. 12-ம் தேதி நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின் ஓர் எழுத்தாளர் தன் எழுத்தையே கைவிடுவதாக அறிவித்தார். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதே 2015-ன் ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோட்டுக் கோயிலில் தோழி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து கொண்டுபோகப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம், ஒரு சாதி அமைப்பின் நிறுவனர் உட்பட 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. நிறுவனரின் ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. கொலையுண்டவர் இளைஞர். கொலை செய்யத் துணிந்த கூட்டத்திலும் இளைஞர்கள் இருந்தார்கள். ஒரே மண்ணின் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். அவர்களுக்குப் பொதுக் காரியம் என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்தது யார், எந்த வயதில், எந்த இடத்தில் என்று கேட்காமல் அந்தத் தீர்ப்பை மூடிவைக்க என்னால் முடியவில்லை.

வார்டு உறுப்பினர் பதவி இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்லும் அளவுக்கு நான் எளிமையாக யோசிக்கவில்லை. அந்த 2015-ல் ஊராட்சிகளில் உறுப்பினர்கள் இருக்கத்தான் செய்தார்கள். நான் சொல்வது இதைவிடச் சிறியது, நாள்பட்டது. சாதி அமைப்பு ஓர் இளைஞனை அவனுடைய ஆட்களை மட்டுமே பார்த்துப் பேசப் பழக்குகிறது. ஊராட்சி, தன் ஆட்கள் இல்லாதவர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வரப் பழக்குகிறது. வார்டும் தெருவைப் பார்த்துத்தான் பிரிக்கப்படுகிறது. நம் தெருக்கள் சாதியைப் பார்த்துப் பிரிந்தவை. ஆகவே வார்டு தேர்தலிலும் சாதிதான் நிற்கிறது என்று ஒருவர் சொன்னால் அது சரிதான். ஆனால் ஜெயித்த அன்றைக்கு அடுத்த வாரமே கணக்கு மாறிவிடும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள்தான் தங்களுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். காலனியிலிருந்து வந்த தலைவரும் ஊர்த் தெருவிலிருந்து வந்த துணைத் தலைவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரு மோட்டார் வாங்க முடியாது, ஒரு தெருவிளக்கு மாற்ற முடியாது.

அந்தக் கையெழுத்தை மறுத்தே தலைவரை முடக்கிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளிவந்தது, கைதுகள் நடந்தன. அந்தப் படத்தைப் பார்த்து, ‘இதுதானா உங்கள் உள்ளாட்சி’ என்று கேட்டவர்கள் பலர். எனக்கு அது வேறு விதமாகப் பட்டது. தரையில் உட்கார வைப்பது அந்த ஊரில் அன்றைக்குத் தொடங்கிய பழக்கமாக இருக்க வாய்ப்பில்லை. அவருக்கென்று சட்டம் ஒரு நாற்காலி கொடுத்த பிறகுதான் அது நாடே பார்க்கும் குற்றமானது. நாற்காலியே இல்லாத காலத்தில் யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள்.

சேலத்திலும் ஒன்று நடந்தது. 2023 ஜனவரியில் திருமலைகிரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கோயிலுக்குள் போனதற்காக, அப்போதைய ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர் அவரை ஊர் பார்க்கத் திட்டினார். காணொளி பரவியது, கட்சி அவரை நீக்கி வைத்தது, காவல்துறை கைது செய்தது. கோயிலுக்குள் போன அந்த இளைஞரிடம் எந்தப் பதவியும் இல்லை. ஒரு வாசற்படியைத் தாண்டினார், அவ்வளவே. அதுவும் உள்ளூர் அரசியல்தான், அதில் இறங்கியவர் ஓர் இளைஞர்தான் என்பதை இந்தக் கட்டுரையில் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதவில்லை என்றாகும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இல்லாமல் இருப்பதன் விலை இந்தப் பகுதிக்கு ஒரு முறை கண்முன்னால் தெரிந்தது. 2018-ல் சென்னை-சேலம் எட்டுவழிச் சாலைத் திட்டம் வந்தது. 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டங்கள். சேலம் பக்கம் பூலாவரி, குப்பனூர், ராமலிங்கபுரம் என்று வயலுக்குள் அளவைக் கல் ஊன்ற ஆட்கள் வந்தார்கள், கூடவே போலீஸ் வந்தது. கிணற்றடியில் நின்று அழுதவர்களின் படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. எதிர்த்துப் பேசப் போன மாணவர்களும் செயல்பாட்டாளர்களும் கைதானார்கள். அந்த நேரத்தில் அந்தக் கிராமங்கள் எதிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. 2016-ல் சாத்திய கதவு இன்னும் திறந்திருக்கவில்லை. நிலத்தை எடுக்க வந்ததும் அரசு, ஊராட்சியின் பெயரால் உட்கார்ந்திருந்ததும் அதே அரசின் அலுவலர். ஊர்மக்கள் சார்பாகக் கேள்வி கேட்க ஊர் தேர்ந்தெடுத்த ஒரு ஆள் இல்லை. அந்த இளைஞர்கள் நேராகக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போக வேண்டியிருந்தது. 2019 ஏப்ரல் 8-ல் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. சாலை வேண்டுமா வேண்டாமா என்பதில் ஊருக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கலாம். அந்த இரண்டு கருத்தும் மோதிப் பேச வேண்டிய இடம் பூட்டிக் கிடந்தது என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

அந்த இடத்தின் பெயர் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் கூடினால்தான் சபை செல்லும். சிறப்பு அலுவலர் காலத்திலும் கிராம சபை கூடுகிறது, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள்.

நாமக்கல் மாவட்டத்தில் அப்படி ஒரு சபையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வேப்பமரத்தடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்வரிசையில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி எழுந்து, ஊராட்சிச் செயலரைப் பார்த்து, “ஏனுங்கண்ணா, போன சபையில பஸ் ஸ்டாப்புக்கு லைட்டு போடோணும்னு எழுதுனமே, அது என்னாச்சுங்க?” என்று கேட்டாள். “அது மேல அனுப்பியாச்சு கண்ணு. பதில் வரோணும்” என்றார் அவர். “எந்தத் தேதிக்கு அனுப்புனீங்கண்ணா? அந்தப் பேப்பரைக் காட்டுங்க” என்றாள். அவர் பதில் சொல்லாமல் நோட்டைப் புரட்டினார். பின்னாலிருந்து பெரியவர் ஒருவர், “படிக்கற புள்ளைக்கு எதுக்கு சாமி இதெல்லாம், உக்காரு” என்றார். அவள் உட்காரவில்லை. முன்வரிசைப் பெண் ஒருவர் திரும்பி, “அவ கேக்கறது நமக்குத்தானுங்க மாமா, கேக்கட்டும்” என்றார்.

அந்தச் செயலர் கெட்ட மனிதர் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். பிரச்சினை வேறு. தீர்மானத்தைத் துரத்திக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போக வேண்டிய ஆள் அந்த ஊரில் இல்லை. வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இருந்திருந்தால் அந்தப் பெண் அவர் வீட்டு வாசலுக்கே போய்க் கேட்டிருப்பாள். கொஞ்ச நாள் கழித்து, ‘இவரைவிட நானே நல்லாப் பண்ணுவேன்’ என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். பொதுவாழ்வு அப்படித்தான் ஒருவருக்குள் முளைக்கிறது. தெருவிளக்கு, சாக்கடை, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றும் நேரம், கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் வராதது. இவ்வளவு சின்ன விஷயங்களில்தான் ஒருவர் தான் எதற்கு ஆகும் என்று கண்டுகொள்கிறார்.

சபையின் முன்வரிசை பெண்களால் நிறைந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பகுதியின் ஆண்பிள்ளைகள் ஊரில் இருப்பதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. 18, 20 வயதுப் பையன்கள் வண்டியோடு மாதக்கணக்கில் போய்விடுகிறார்கள். நாமக்கல், சங்ககிரி லாரிகளில் போனவர்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறார்கள் என்று வீட்டுக்கே தெரியாது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்த்தவன் காலை 11 மணிக் கூட்டத்துக்கு எழுந்து வர மாட்டான். சேகோ ஆலை, கோழிப்பண்ணை எல்லாம் நேரம் காலம் பார்க்காத வேலை. வாக்காளர் பட்டியலில் இவர்கள் இந்த ஊர்க்காரர்கள். ஊர் நடப்பில் இல்லை.

அந்த இடத்தைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது இந்த மண்ணின் சமீபகால வரலாற்றில் பெரிய செய்தி. 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த தருமபுரியில்தான் 1989-ல் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. வாரம் ஒரு நாள் கூடுவது, கணக்கு எழுதுவது, வங்கி மேலாளர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது என்று ஒரு தலைமுறைப் பெண்கள் பயின்றார்கள். அவர்களுடைய மகள்கள் கல்லூரி படித்துவிட்டு வீட்டில் இருக்கிறார்கள், அல்லது பக்கத்து டவுனில் வேலைக்குப் போய் வருகிறார்கள். 50 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு உண்மையான உரியவர்கள் இந்த மகள்கள். பல ஊர்களில் மனைவி பெயரில் நின்று கணவர் தலைவராக வலம் வருவது நம் கண்முன் நடப்பது. அதை மாற்ற அறிவுரை போதாது. அடுத்தடுத்துத் தேர்தல் வர வேண்டும். முதல் முறை கணவர் பேசியிருக்கலாம். இரண்டாம் முறை தலைவரே பேசுவார். மூன்றாம் முறை அவர் மகள் நிற்பாள். இந்த வரிசைதான் நடுவில் அறுபடுகிறது.

நகரத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. சேலம் மாநகராட்சியின் 60 வார்டுகளுக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளிலும் பகுதி சபைகள் தொடங்கின. மூக்கனேரியைச் சேலம் மக்கள் குழு தூர்வாரிச் சீரமைத்தது போன்ற முயற்சிகளில், பதவி எதுவும் இல்லாமலே இளைஞர்கள் மண் சுமந்திருக்கிறார்கள். அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனாலும் ஏரிக்குக் காவல் காலமெல்லாம் தேவைப்படும், தன்னார்வம் அவ்வளவு காலம் தாங்காது. எங்கோ ஓர் இடத்தில் பட்ஜெட்டும் கையெழுத்தும் வேண்டும்.

அரசியலமைப்பின் 243-இ பிரிவு, ஐந்தாண்டு முடியும் முன்னரே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது. வார்டு வரையறை, நகர்ப்புற விரிவாக்கம், இட ஒதுக்கீட்டுச் சுழற்சி, வழக்கு எனக் காரணங்கள் ஒவ்வொரு முறையும் வருகின்றன. ஒவ்வொன்றும் நியாயமானதாகவே இருக்கட்டும். தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் இவற்றில் எதுவும் மூன்று ஆண்டுத் தடையாக நின்றதில்லை. பெரிய சபைகளுக்குக் காட்டும் கறாரைச் சின்ன சபைக்கும் காட்ட வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது, அதை இளைஞர்களே கேட்க வேண்டும். கட்சிகளின் இளைஞர் அணிகள் இதுவரை இதை ஒரு கோரிக்கையாகத் தெருவுக்குக் கொண்டுவந்ததாக நான் அறியவில்லை. கொண்டுவந்தால், தங்களுக்காகவே அவர்கள் கேட்ட கோரிக்கையாக அது இருக்கும்.

கிராம வார்டு உறுப்பினர் பதவிக்கு நிற்க 200 ரூபாய் டெபாசிட் போதும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. பணம் பெரிய தடை இல்லை. ரிக் வண்டியில் ராய்ப்பூர் பக்கம் இருக்கும் ஒருவன் ஊருக்கு வந்து மனுத் தாக்கல் செய்ய வேண்டுமென்றால் அவனுக்கு வேண்டியது தேதி. மழை பிடித்தால் வண்டி எப்போது திரும்பும், ஆடி பதினெட்டுக்கு மோகனூர் ஆற்றுக்குப் போக முதலாளியிடம் எப்போது லீவு கேட்க வேண்டும் என்றெல்லாம் ஆறு மாதம் முன்னாலேயே அவன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். ஊராட்சித் தேர்தல் எந்த ஆண்டில், எந்த மாதத்தில் வரும் என்று இரண்டு வருடத்துக்கு முன்பே அவனுக்குத் தெரியும்படி அரசும் தேர்தல் ஆணையமும் சொல்லட்டும். வருவதா வேண்டாமா என்பதை அவன் முடிவு செய்துகொள்வான்.